மண்புழு உறக்கம் தொடர்பான புகார் எண் 418

திங்கட்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்குப் பல்கலைக்கழக நூலகரின் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசைக்குப் பின்னால், சுவரில் தொங்கிய கேடயத்துக்கு நேர் கீழே, நூலகர். அவருக்கு எதிரே, ஒரு கால் ஆடுகிற நாற்காலியில், பட்டியல் பிரிவுப் பெண்மணி. சுவரோரம், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில், மடிக்கணினியின் குட்டை வயருக்கு ஏற்றபடி உடம்பை வளைத்துக்கொண்டு, கணினிக்காரர். கதவுக்கு மிக அருகில், எந்த நேரமும் எழுந்து போய்விடத் தோதாக, ஸ்கேன் அக்கா.

பட்டியல் பிரிவுப் பெண்மணியை அந்தக் கட்டடம் முழுவதும் கமா மேடம் என்றுதான் கூப்பிடும். ஆசிரியர் பெயருக்கும் தலைப்பெழுத்துக்கும் நடுவே கமா இல்லாத பதிவு ஒன்றைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நூலகர் ஒரு தாளை நீட்டினார். "படிம்மா. சத்தமா."

தபால் பதிவேட்டிலிருந்து எடுத்த அச்சுப் பிரதி. ஒரே ஒரு பதிவு. கமா மேடம் படித்தார்.

"எண் நானூற்றிப் பதினெட்டு. அனுப்புநர், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர். வகை, புகார். பொருள், மண்புழுக்களின் உறக்கம் என்னும் ஆய்வேடு மின்னூலகத் தேடலில் கிடைக்காமை. பதில் அனுப்பக் கெடு, வெள்ளிக்கிழமை."

"உன் பிரிவு மேல இந்த வருஷம் வர்ற மூணாவது புகார்."

"முதல் புகார் எழுத்து சின்னதா இருக்குன்னு சார். பெரிசாக்கினோம். ரெண்டாவது புகார் எழுத்து பெரிசா இருக்குன்னு."

"எதுவா இருந்தா என்னம்மா? ஒப்பந்த ஊழியர் மேல ஒரு வருஷத்துல மூணு புகார் தீராம நின்னா ஒப்பந்தம் புதுப்பிக்கறதில்லைன்னு விதி. நான் எழுதின விதி இல்ல. கையெழுத்து மட்டும்தான் என்னுது."

ஏழு வருடங்களாக, வருடத்துக்கு ஒருமுறை, தன் வேலை இன்னும் தன்னுடையதுதானா என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பவர் கமா மேடம். ஆடுகிற நாற்காலிக் காலைத் தன் காலால் அழுத்தி நிறுத்தினார்.

"அந்தக் கடிதத்துல என்னதான் எழுதியிருக்காரு?" என்று கணினிக்காரர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் காகிதமில்லா அலுவலகம் என்ற புது உத்தரவின்படி, வருகிற கடிதம் எதுவானாலும் தபால் எழுத்தர் அதை ஸ்கேன் செய்து மின்னூலகத்தில் ஏற்றிவிட்டு, தாளைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார். மின்னூலகத்தில் 'கடிதம்' என்ற தலைப்பில் ஆறாயிரத்துச் சொச்சம் கடிதங்கள் இருந்தன. தபால் எழுத்தரோ வீடு மாற்றுவதற்காக வியாழன் வரை விடுப்பில் போயிருந்தார். பேராசிரியரின் தொலைபேசி எண் இருக்க வேண்டிய கட்டத்தில் பத்து சுழியங்கள் வரிசையாக நின்றன.

"கடிதம் எதுக்குண்ணே?" என்றார் கமா மேடம். "அதான் வகை இருக்கு, பொருள் இருக்கு, தேதி இருக்கு. எல்லாத்தையும் முழுசாப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்னா பட்டியல்னு ஒண்ணு எதுக்கு? நான்தான் எதுக்கு?"

தாளை மடித்துக்கொண்டு கமா மேடம் எழுந்தார்.

இடத்துக்கு வந்ததும் தேடல் பெட்டியில் 'மண்புழு' என்று அடித்தார்.

'முடிவுகள் 0. நீங்கள் தேடியது மண்பானையா?' என்று கணினி கேட்டது.

அவருக்கு வியப்பில்லை, எரிச்சல்தான் வந்தது. காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், பழைய ஆய்வேடுகள் 1,140-ஐயும் நான்கே வாரத்தில் ஏற்றி முடித்திருந்தார்கள். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களை நிரப்பாவிட்டால் கணினி சேமிக்க விடாது. எதை நிரப்பினாலும் விட்டுவிடும். ஆகவே தலைப்பு, ஒரு புள்ளி. ஆசிரியர், ஒரு புள்ளி. பொருள், ஒரு புள்ளி. ஆயிரத்து நூற்று நாற்பது ஆய்வேடுகளும் மூன்று மூன்று புள்ளிகளாக, எறும்பு வரிசை மாதிரி திரையில் இறங்கிப் போயின.

"ஒரு நாளைக்கு ஐம்பத்தேழு முடிக்கணும்னு அப்போ உத்தரவு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அன்றைக்கு அவற்றை ஏற்றிய ஸ்கேன் அக்கா, யாரும் கேட்காமலேயே.

கமா மேடம் இதைத் திருத்த வேண்டும் என்று வருடத்துக்கு ஒரு கடிதம் வீதம் ஆறு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். "எல்லாக் கட்டமும் நூறு சதவீதம் நிரம்பியிருக்கேம்மா. நிரம்பினதை எதுக்கு நோண்டணும்?" என்பது நூலகரின் பதில். நூலகர் தலைக்கு மேலே தொங்கிய கேடயமும் அந்த நூறு சதவீதத்துக்காகக் கொடுத்ததுதான்.

"இதுக்குப் போய் ஏன் மேடம் தலையைப் பிடிச்சுக்கறீங்க?" என்றார் கணினிக்காரர். "ஒவ்வொரு ஆய்வேட்டிலயும் முதல் பக்கத்தோட முதல் வரியை எடுத்துத் தலைப்புக் கட்டத்துல போடற மாதிரி ஒரு நிரல் எழுதிடறேன். சாயங்காலம் ஓட்டிட்டுப் போனா காலையில முடிஞ்சிருக்கும்."

"முதல்ல ஒரு பத்து எடுத்துப் போட்டுப் பார்க்கலாமே?"

"பத்து பார்க்க நேரம் ஏது? வெள்ளிக்கிழமை கெடு!" என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நூலகர் குரல் கொடுத்தார்.

நிரல் சொன்ன சொல் தவறாமல் வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை காலையில் தலைப்புக் கட்டங்களில் ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. எல்லா ஆய்வேட்டுக்கும் முதல் பக்கத்தின் முதல் வரி என்னவோ, அதுவே தலைப்பு. எல்லா ஆய்வேட்டுக்கும் முதல் பக்கம், வழிகாட்டி கையெழுத்துப் போட்ட பக்கம். அதன் முதல் வரி, 'சான்றிதழ்'.

ஒன்பதே முக்காலுக்குத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது.

"ஹலோ, நூலகமா? என் சான்றிதழ் உங்க தளத்துல ஏத்தியாச்சாமே? நான் மூணு வருஷமா தேர்வுப் பிரிவுக்கு அலையறேன்!"

"இல்லீங்க, அது வேற..."

"ஆயிரத்து நூத்தி நாப்பது பேருக்கு வந்திருக்காம், எனக்கு மட்டும் வரலியா?"

பதினொரு மணிக்குத் தேர்வுப் பிரிவிலிருந்தே ஆள் வந்துவிட்டார். தங்கள் வேலையில் நூலகம் தலையிடுவதாக அவருக்கு ஒரே கோபம். நூலகர் அவருக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, அவர் போனதும் கணினிக்காரரைப் பார்த்தார்.

"சான்றிதழ்ப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துல எடுக்கச் சொல்லிடறேன் சார். ஒரே ஒரு எண்ணை மாத்தணும், அவ்வளவுதான்."

"அண்ணே, தயவுசெஞ்சு இந்தத் தடவையாவது பத்து..."

"எண்ணை மாத்துய்யா," என்றார் நூலகர்.

கணினிக்காரர் மாற்றினார்.

புதன்கிழமை காலை கமா மேடம் வீட்டில் காலுறையைத் தேடிக்கொண்டிருந்த கணவர், சமையலறை அலமாரியில் மனைவி ஒட்டிய பெயர்ச்சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இந்த வீட்டுல என்னைத் தேடினா உன் பட்டியல்ல கிடைப்பேனா?"

"கிடைப்பீங்க."

"எந்தத் தலைப்புல?"

"'பிற.' வழியை விடுங்க, நேரமாச்சு."

அலுவலக வாசலிலேயே ஸ்கேன் அக்கா காத்திருந்தார். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் முகம் வீங்கிப் போயிருந்தது.

"மேடம், அடுத்த பக்கம் காணிக்கைப் பக்கம்."

கமா மேடம் கைப்பையை மேசைமேல் வைக்காமலே திரையைப் பார்த்தார். 'என் பெற்றோர்க்கு' என்ற தலைப்பில் 512 ஆய்வேடுகள். 'என் அன்பு மனைவிக்கு', 347. 'என் வழிகாட்டியின் பாதங்களுக்கு', 184. 'இறைவனுக்கு', 96. 'யாருக்கும் இல்லை' என்று ஒன்றே ஒன்று.

"பெத்தவங்களைவிடப் பொண்டாட்டிக்குக் கம்மிதான்," என்றார் ஸ்கேன் அக்கா. "எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்."

விஷயம் இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மின்னூலகத்தில் எதன் தலைப்பு மாறினாலும் அதைப் புதிய வரவு என்று எடுத்துக்கொண்டு, பதிவு செய்திருக்கும் பதினோராயிரம் வாசகர்களுக்கும் தானாகவே மின்னஞ்சல் அனுப்பிவிடும். அன்று காலை ஆறு மணிக்கு அனுப்பியும் விட்டது.

"நூலகமா?" தொலைபேசியில் ஒரு பெண் குரல். "என் வீட்டுக்காரருக்கு 'என் அன்பு மனைவிக்கு'ன்னு முந்நூத்தி நாப்பத்தேழு மெயில் வந்திருக்கு. எழுதினது யாரு?"

"அது ஆய்வேடும்மா. தலைப்பு தப்பா விழுந்துடுச்சு."

"முந்நூத்தி நாப்பத்தேழு தடவையா?"

"ஒவ்வொண்ணையும் ஒவ்வொருத்தர் எழுதினதும்மா."

"அத்தனை பேரா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார் அந்தப் பெண்மணி. அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்பது தெரியவில்லை.

மதியம் நூலகர் தானே பட்டியல் பிரிவுக்கு எழுந்து வந்தார். அவர் வருவது வருடத்துக்கு ஒருமுறை, மின்விசிறிகளை எண்ணிக் கணக்கெடுப்பதற்காக.

"நீங்க ரெண்டு பேரும் விஷயத்தைச் சிக்கலாக்கறீங்க. பேராசிரியர் என்ன கேக்கறார்? தேடினா கிடைக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா சார்."

"அந்த 1,140-க்குள்ள எங்கேயோ அவர் ஆய்வேடு இருக்கு. சரிதானே?"

"சரி சார்."

"எல்லாத்துக்கும் பொருள் கட்டத்துல மண்புழுன்னு போட்டுடு. மண்புழுன்னு தேடினா அவருது கட்டாயம் வந்துடும். முடிஞ்சுது."

கமா மேடம் திரையில் இருந்த மொத்த எண்ணிக்கையைத் தொட்டுக் காட்டினார்.

"சார், கூட வர்ற மத்த 1,139?"

"அதைப் பத்தி யாராவது புகார் கொடுத்தாங்களா?"

அதைச் செய்யக் கணினிக்காரருக்கு ஆறு நிமிடம் ஆனது. வியாழக்கிழமை காலையில் மின்னூலகத்தின் முகப்பில், எந்தப் பொருளில் எத்தனை நூல் என்று காட்டுகிற இடத்தில், 'மண்புழு' என்ற சொல் உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. வரலாறு, சட்டம், கணிதம் எல்லாம் அதன் காலடியில் பொடி எழுத்தில் கிடந்தன.

சட்டத்துறை மாணவர் ஒருவர் வந்தார். "மேடம், விவாகரத்துச் சட்டம் பத்தித் தேடினேன். 'மண்புழு'ங்குது. யாரையாவது குத்திக்காட்டறீங்களா?"

அவரைச் சமாதானம் செய்து அனுப்புவதற்குள், மண்புழு ஆய்வாளர் கூட்டமைப்பு என்ற ஒன்றிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. உலகத்திலேயே பெரிய மண்புழுத் தொகுப்பு தங்கள் நூலகத்தில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போனதற்கு வருந்துகிறார்களாம். நாற்பது பேர் நேரில் பார்க்க வர விரும்புகிறார்களாம். நூலகர் அதை இரண்டு பிரதி எடுத்தார்.

"பார்த்தியாம்மா? ஏழு வருஷத்துல உன் வேலையைப் பாராட்டி ஒரு கடிதம் வந்துதா? ஒரே நாள்ல நான் வரவழைச்சேன்."

ஏழு வருடமாகக் கமா மேடம் அலுவலகத்தில் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினார்.

"நாற்பது பேரும் வந்து நிக்கும்போது எதை சார் காட்டுவீங்க? விவாகரத்தைக் காட்டுவீங்களா? கணிதத்தைக் காட்டுவீங்களா? ஒரே ஒரு மண்புழு சார்! அதுவும் எங்க இருக்குன்னு இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் தெரியாது! போட்டதையெல்லாம் எடுங்க. நான் கையால தேடறேன்."

நூலகர் திகைத்துப்போய்க் கணினிக்காரரைப் பார்த்தார். "எடுத்துடுய்யா. ஆனா கட்டம் காலியா இருக்கக் கூடாது. பழையபடி புள்ளியை வெச்சுடு." சொல்லும்போது அவர் கண் கேடயம் இருந்த பக்கம் போனது.

கமா மேடமும் ஸ்கேன் அக்காவும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். திற, பார், மூடு. திற, பார், மூடு. பதினொரு மணிக்குமேல் ஸ்கேன் அக்கா பெருமூச்சு விடத் தொடங்கினார். ஒரு மணிக்குமேல் பெருமூச்சுகளை எண்ணத் தொடங்கினார். மதியச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையால் திறந்து மூடினார்கள்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஸ்கேன் அக்கா கத்தினார். "மேடம்! எண்ணூத்தி எழுபத்து மூணு! தலைகீழா இருக்கு, ஆனா புழு படம் போட்டிருக்கு!"

கணினிக்காரர் ஓடி வந்து பக்கங்களை நேராகத் திருப்பினார். 'மண்புழுக்களின் உறக்கம்.' நாற்பது வருடத்துக்கு முந்தைய தட்டச்சு. முகப்பில், சீவிய தலையோடு ஓர் இளைஞரின் புகைப்படம். கணினிக்காரர் முடிவுரைக்குப் போய் உரக்கப் படித்தார்.

"'ஆய்வுக்கு உட்படுத்திய நாற்பது புழுக்களில் முப்பத்தெட்டு, இரவு பத்து முதல் காலை ஆறு வரை உறங்கின. கைதட்டி எழுப்பிப் பார்த்தேன், எழவில்லை. மீதி இரண்டு காணவில்லை.'" அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேடம், புழுவுக்குக் காது ஏது? இதுக்குப் பட்டம் கொடுத்திருக்காங்களா?"

"சிரிக்காதீங்கண்ணே. ஆய்வேடு நல்லதா கெட்டதான்னு சொல்றது நம்ம வேலை இல்ல. தேடறவங்க கையில கொண்டுபோய்ச் சேர்க்கறது மட்டும்தான் நம்ம வேலை."

அன்று மாலையும் வெள்ளி காலையும் கமா மேடம் அந்த ஒரே ஆய்வேட்டுக்காகச் செலவழித்தார். தலைப்பு முழுமையாக. ஆசிரியர் பெயர், கமாவோடு. பொருள் தலைப்புகள் ஆறு. திறவுச்சொற்கள் பதினெட்டு, அதில் 'கைதட்டல்' உட்பட. ஆய்வுச் சுருக்கத்தைத் தானே தட்டச்சு செய்து, முப்பத்தெட்டு புழு உறங்கியதையும் இரண்டு காணாமல் போனதையும் முதல் வரியிலேயே வைத்தார். பிறகு தேடிப் பார்த்தார். மண்புழு என்று தேடினால் முதலாவதாக வந்தது. புழு என்றாலும் முதலாவது. உறக்கம் என்றாலும் முதலாவது. வெளியுலகத் தேடல் தளங்களிலும் பத்தரை மணிக்கெல்லாம் முதல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

இப்படி ஒரு பதிவை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. ஏழு வருடத்தில் முதல்முறையாக நூலகரும் "பிரமாதம்மா" என்றார். சொன்னதோடு விடவில்லை. அந்தச் சீவிய தலைப் புகைப்படத்தை மின்னூலகத்தின் முகப்பில் 'இந்த வார ஆய்வேடு' என்று ஏற்றச் சொன்னார். பதினோராயிரம் வாசகர்களுக்கும், எல்லா விலங்கியல் துறைகளுக்கும், மண்புழு ஆய்வாளர் கூட்டமைப்புக்கும் நூலகர் பெயரிலேயே மின்னஞ்சல் போனது. நாற்பது பேரும் அடுத்த மாதம் வருவதாக உடனே பதில் எழுதிவிட்டார்கள். பேராசிரியரை நேரில் அழைத்து, அந்த முப்பத்தெட்டு புழுக்களைப் பற்றிச் சில கேள்விகள் கேட்க வேண்டுமாம்.

"புகார் தீர்ந்ததுன்னு குறிச்சுட்டேன்," என்றார் நூலகர். "பேராசிரியர்கிட்டேருந்து திருப்தின்னு ஒரு வரி வரட்டும், அன்னைக்கே உன் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடறேன். கடிதத்தை இன்னைக்கே அனுப்பு. தாள்லயே அனுப்பு, பழைய காலத்து மனுஷன்."

கமா மேடம் எழுதினார்.

'பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வேடு யாருக்கும் கிடைக்காமல் இருந்த குறை முற்றிலும் நீக்கப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இனி உலகின் எந்த மூலையிலிருந்து யார் தேடினாலும் தங்கள் ஆய்வேடே முதலில் வரும். இதுவரை இரண்டாயிரத்து நூறு பேர் படித்துவிட்டார்கள். தங்களை நேரில் கண்டு உரையாட நாற்பது அறிஞர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள். இத்தனை ஆண்டுத் தாமதத்துக்கு மன்னிக்க வேண்டுகிறோம்.'

இரண்டு தடவை படித்துப் பார்த்து, ஓரிடத்தில் ஒரு கமாவைச் சேர்த்து, மூன்றாக மடித்து உறையில் இட்டுத் தபால் பிரிவுக்கு எடுத்துப் போனார்.

தபால் எழுத்தர் விடுப்பு முடிந்து அன்று காலைதான் வந்திருந்தார். வீடு மாற்றியதில் முதுகு பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்தபடியே வேலை பார்த்தார். உறையின் வாயில் பசை தடவி, முஷ்டியால் ஒரு குத்து குத்தி ஒட்டி, முத்திரை வைத்து, முகவரியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பதிவுத் தபால் பையில் போட்டார். வாசலில் காத்திருந்த தபால் வண்டிக்காரர் பையை வாங்கி உள்ளே எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். வண்டி சாலைமுனை திரும்பி மறையும் வரை கமா மேடம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா. ஒரே ஒரு புகார், ஒரு வாரம் உயிரை எடுத்துடுச்சு."

"எந்தப் புகார் மேடம்?"

"அதான், நீங்க பதிஞ்சுட்டுப் போனீங்களே, நானூற்றிப் பதினெட்டு. மண்புழுப் பேராசிரியர்."

"அவரா? என் ஆய்வேடு யார் கண்ணுலயும் படாம இத்தனை வருஷம் மானத்தைக் காப்பாத்தினீங்க, சாகற வரைக்கும் இப்படியே பார்த்துக்கங்கன்னு நன்றி சொல்லி எழுதியிருந்தார் மேடம். வகைப் பட்டியல்ல நன்றின்னு ஒண்ணு இல்லையே, அதான் புகார்ல போட்டுட்டுப் போனேன்."